காத்தரின் மலையிடுக்கில் மீனுக்குப் போட்ட ரொட்டி

மூன்று பேர் போனோம், மூன்று பேரும் முழுசாகத் திரும்பி வந்தோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகநூலில் என் மகள் போட்ட முதலைப் படத்தைப் பார்த்துவிட்டு, யாங்கூனில் எங்கள் பேட்டையான பசுந்தாங்கில் பாதிப் பேர் எனக்குப் போன் செய்துவிட்டார்கள். அந்தப் படம் படகிலிருந்து எடுத்தது. அந்த முதலை யாரையும் ஒன்றும் செய்யவில்லை. செய்யப் பார்த்த முதலை வேறு, அதைப் படம் எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

யாங்கூனிலிருந்து ஆஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற அப்பா அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மகள் தேவி டார்வினில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். போய் ஐந்து வருடம் ஆகிறது. அவள் புறப்படுவதற்கு முன் இவர் (என் கணவர் மாரிமுத்து, தெருவில் எல்லோருக்கும் பர்மிய மரியாதைப்படி ஊ மாரி) பக்கத்து ஊரான தன்லினில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி முடித்து வைத்திருந்தார். அவள் வேண்டாம் என்றாள், விசா வந்துவிட்டது என்றாள். இவர் கோபத்தில், "போனா போ, திரும்பி என் மூஞ்சில முழிக்காத" என்று சொல்லிவிட்டார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

அதற்குப் பிறகு சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வாரம் ஒரு முறை அவள் போன் செய்வாள். "நல்லா இருக்கீங்களாப்பா?" "நல்லா இருக்கேன்மா, நீ?" "நல்லா இருக்கேன்." உடனே போன் என் கைக்கு வந்துவிடும். வங்கியில் டோக்கன் வாங்கி நிற்பவர்கள் இதைவிட அதிகம் பேசுவார்கள். சின்ன வயதில் இந்த இரண்டு பேரும் போடுகிற சத்தத்தில் மேல்மாடிக்காரர்கள் கதவைச் சாத்துவார்கள். அந்த வீட்டில் ஐந்து வருடம் இந்த மரியாதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துவிட்டது. ஆகவே மலை பார்க்கவோ ஆறு பார்க்கவோ நான் போகவில்லை. இவர்கள் இரண்டு பேரையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் ஐந்து நாள் அடைத்துப் போட்டால் ஏதாவது பேசித்தானே ஆகவேண்டும் என்பதுதான் என் திட்டம். காரவான் யோசனைக்கு நான்தான் காரணம். அவளுடைய பிறந்த நாளும் அந்த ஐந்து நாளுக்குள் வரும்படி பார்த்துக்கொண்டேன்.

விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. மகளின் அழைப்புக் கடிதம், அவளுடைய வேலைச் சான்று, எங்கள் வீட்டுப் பத்திரம், இவருடைய வேன் பத்திரம் எல்லாம் வைத்தோம். மின்சாரம் இருக்கிற நேரத்தில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள், பாதியில் போனால் மறுபடியும் முதலிலிருந்து. விமானம் சிங்கப்பூர் வழியாக: யாங்கூனிலிருந்து மூன்று மணி நேரம், அங்கே ஐந்து மணி நேரக் காத்திருப்பு, பிறகு டார்வினுக்கு நாலரை மணி நேரம். போக வர ஒருவருக்கு 780 அமெரிக்க டாலர். நம்மூர்க் கியாட் பணத்தில் எவ்வளவு என்று கேட்காதீர்கள், நான் எழுதி முடிப்பதற்குள் மாறிவிடும். டார்வின் கடிகாரம் நம்முடையதைவிடச் சரியாக மூன்று மணி நேரம் முன்னால்.

ஜூன் மாதம் போனோம். அங்கே அது மழை இல்லாத காலம். விமான நிலையத்தில் உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். நான் எழுதினேன். பலாச்சா என்கிற வறுத்த இறால் பொடியை மோந்து பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்கள், மாங்காய் ஊறுகாயை வைத்துக்கொண்டார்கள். வெளியே தேவி நின்றாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். இவரைப் பார்த்து, "பிரயாணம் சௌரியமா இருந்துச்சாப்பா?" என்று கேட்டாள். இவரும், "இருந்துச்சும்மா" என்றார். சரிதான், டோக்கன் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

காரவான் என்பது காரின் பின்னால் கட்டி இழுத்துப் போகிற சக்கரம் வைத்த அறை. எங்களுடையதில் ஒரு பெரிய படுக்கை, பகலில் மேசையாகவும் இரவில் படுக்கையாகவும் மாறுகிற இன்னொன்று, கேஸ் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், தொட்டித் தண்ணீர் இருந்தன. வாடகை நாளுக்கு 135 ஆஸ்திரேலிய டாலர், ஐந்து நாளுக்கு 675. (இதற்குமேல் டாலர் என்று எழுதுவதெல்லாம் ஆஸ்திரேலிய டாலர்.) இழுப்பதற்குத் தேவியின் சிநேகிதி ஒருத்தி தன்னுடைய பெரிய டீசல் காரைக் கொடுத்தாள். கழிப்பறை உள்ளே இல்லை, தங்குகிற இடங்களில் பொதுவில் இருக்கும். பசுந்தாங்கில் எங்கள் ஃபிளாட்டை நினைத்தால் இந்தப் பெட்டி எனக்குச் சின்னதாகவே தெரியவில்லை.

யார் ஓட்டுவது என்பதில்தான் முதல் முள் குத்தியது. இவர் இருபத்தேழு வருடம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டியவர். ஒரு பிள்ளையின் முழங்கை சிராய்த்தது கிடையாது. சர்வதேச உரிமம் எடுத்து, அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். தேவி மிகவும் பணிவாக, "நானே ஓட்டுறேன்பா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாள். ரெஸ்ட் எடுக்கச் சொன்னால் இவருக்குப் பிடிக்காது. உரிமத்தைப் பையில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறினார்.

முதல் நாள் காலை 9.10க்கு டார்வினில் புறப்பட்டோம். தெற்கே போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை ஒரே நேர்கோடு. இரண்டு பக்கமும் செம்மண், உயரமில்லாத மரங்கள், ஆள் உயரத்துக்கும் மேலே கறையான் புற்றுகள். அங்கங்கே புல்லை வேண்டுமென்றே கொளுத்திவிட்டிருந்தார்கள், புகைக்கு மேலே பருந்துகள் சுற்றின. வேக எல்லை 130 கிலோமீட்டர். காரவான் இழுப்பதால் நாங்கள் 90க்கு மேல் போகவில்லை. மூன்று பெட்டிகளைக் கோத்து இழுக்கும் ரோடு டிரெயின் லாரிகள் எதிரே வரும்போது எங்கள் வண்டியே ஒரு முறை ஆடும். இவர் ஒவ்வொரு முறையும் இல்லாத பிரேக்கை மிதித்தார். தேவி அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

113வது கிலோமீட்டரில் அடிலெய்டு ரிவர் என்ற சின்ன ஊர். டீசல் போட்டோம், லிட்டர் 2.05 டாலர். அங்கேதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பாவம்டி, ஒரு இருநூறு மீட்டராவது ஓட்டட்டும். அந்த மர நிழல் வரைக்கும்" என்றேன். அவள் சாவியைக் கொடுத்தாள். இவர் கண்ணாடிகளைச் சரி செய்தார், இருக்கையை இழுத்தார், நெடுஞ்சாலையில் ஏறினார், நேராக வலது பக்கம் போய்ச் சேர்ந்தார்.

யாங்கூன்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊரில் ஓடுகிற கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள், ஸ்டியரிங் வலது பக்கம். சாலையிலும் வலது பக்கம்தான் போவோம். ஆஸ்திரேலியாவிலும் ஸ்டியரிங் வலது பக்கம், ஆனால் சாலையில் இடது பக்கம் போக வேண்டும். ஸ்டியரிங் இடம் மாறியிருந்தால் மனிதர் யோசித்திருப்பார். உட்கார்ந்த இடம் அப்படியே வீட்டு வேன் மாதிரி இருந்ததால் கை தன் வழக்கப்படி போய்விட்டது. தூரத்தில், ரொம்பத் தூரத்தில், ஒரு ரோடு டிரெயின் வந்துகொண்டிருந்தது. "லெஃப்ட்பா" என்றாள் தேவி. மறுபடியும், "லெஃப்ட்." சத்தமே போடவில்லை. இவர் ஒடித்துத் திருப்பி மர நிழலில் நிறுத்தினார். லாரி வந்து போக இன்னும் அரை நிமிடம் ஆனது, ஆபத்து என்று சொல்ல முடியாது. தேவி இறங்கி இந்தப் பக்கம் வந்து, "யபாடேப்பா" என்றாள். பரவாயில்லை என்பதற்கு நாம் பர்மியில் சொல்வது. அந்நியரிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

இவர் பின் இருக்கைக்கு வந்துவிட்டார். நான் முன்னால் போனேன். அன்று இரவு 225வது கிலோமீட்டரில் பைன் கிரீக் என்ற ஊரில் தங்கினோம். மின் இணைப்புடன் இடம், மூன்று பேருக்கு 54 டாலர். சோறும் பலாச்சாவும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டோம். தட்டுக் கழுவுவதுவரை இரண்டு பேரும் மாற்றி மாற்றி நன்றி சொல்லிக்கொண்டார்கள். பெட்டிக்குள் அடைத்தால் பேசிவிடுவார்கள் என்று கணக்குப் போட்ட என் புத்தியை நானே நொந்துகொண்டேன்.

இரண்டாம் நாள் 92 கிலோமீட்டர் போய் காத்தரின். அந்தப் பகுதிக்குப் பெரிய ஊர், அதாவது சூப்பர் மார்க்கெட் உண்டு. மூன்று நாளைக்குச் சாமான் வாங்கினோம். கூடையில் ஏற்கெனவே நல்ல ரொட்டி இருந்தது. இவர் போய் இருப்பதிலேயே மலிவான இன்னொரு ரொட்டி, 2.40 டாலர், தனியாக எடுத்து வந்து தன் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். தேவி பிறந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் இவர் கியாக்தான் போவார். ஆற்று நடுவில் இருக்கிற புத்தர் பகோடாவுக்குப் படகில் போய், அங்கே படித்துறையில் மொய்க்கிற கெளுத்தி மீன்களுக்கு ரொட்டியும் பொரியும் போட்டுவிட்டு, பிள்ளை பேரைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வருவார். சின்ன வயதில் அவளையும் தோளில் வைத்துக்கொண்டு போவார். அவள் போன பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை. அதை அவளிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

காத்தரினிலிருந்து, ஆறு பாறைகளுக்கு நடுவே ஓடுகிற மலையிடுக்கு 30 கிலோமீட்டர். ஆற்றங்கரையிலேயே தங்குமிடம் இருக்கிறது, மூன்று பேருக்கு ஒரு இரவு 72 டாலர். பூங்கா அனுமதி தனி, நாங்கள் போனபோது ஒருவருக்கு நாளுக்கு 10 டாலர். வாலபி என்கிற குட்டிக் கங்காரு வகை, கூடாரங்களுக்கு நடுவே நம் தெரு நாய் மாதிரி உரிமையோடு திரிகிறது. என் மடியில் இருந்த ஆப்பிளை ஒன்று பிடுங்கிக்கொண்டு போனது. ஆற்றோரத்து மரங்களில் பழந்தின்னி வவ்வால்கள் ஆயிரக்கணக்கில் தொங்கின, நாற்றம் தாங்கவில்லை. கரைக்கு இறங்கும் ஒவ்வொரு வழியிலும் மஞ்சள் பலகை, அதில் வாயைத் திறந்த முதலைப் படம்.

மூன்றாம் நாள் காலை 9 மணிப் படகு. இரண்டு மணி நேரம், ஒருவருக்கு 105 டாலர். முந்தைய வாரமே பதிவு செய்திருந்தோம், நேரில் போனால் கிடைக்காது. அகலமான தட்டைப் படகு, ஐம்பது பேர் உட்காரலாம். ஓட்டியவர் அந்த மண்ணின் ஜாவொய்ன் சமூகத்தைச் சேர்ந்த நடுவயதுக்காரர், தொப்பியும் வெறுங்காலுமாக நின்றார். கரை மெல்ல மெல்ல உயர்ந்தது. பிறகு இரண்டு பக்கமும் பாறைச் சுவர்தான். அடியில் கறுப்பு, மேலே போகப் போகக் காவி, உச்சியில் வெயில் பட்ட இடம் மட்டும் பொன்னிறம். ஒரு வளைவில் எஞ்சினை அணைத்தார். ஐம்பது பேர் மூச்சு விடுவது கேட்டது. யாங்கூனில் பிறந்து ஜெனரேட்டர் சத்தத்தில் வளர்ந்தவள் நான், இப்படி ஒரு அமைதியை அதுவரை கேட்டதில்லை. ஒரு மணல் திட்டில் முதலை ஒன்று வெயில் காய்ந்தது. ஒல்லி மூக்கு, நன்னீர் வகை. மகள் போட்ட படம் அதுதான்.

அப்போதுதான் படகை ஒட்டி மீன்கள் வந்தன. கறுப்பு முதுகு, மீசை, அப்படியே நம் கெளுத்தி. இவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்த மாதிரி எழுந்து நின்று, பையைத் திறந்து, ரொட்டியை எடுத்தார். பிறந்த நாள் மறுநாள்தான், இருந்தாலும் தண்ணீர் கிடைத்திருப்பது இன்றைக்கு என்று நினைத்திருப்பார். படகுக்காரர் பார்த்துவிட்டார். கோபிக்கவில்லை. இங்கே எதற்கும் தீனி போடக்கூடாது, மனிதர் நிற்கிற இடத்துக்கு மீன் பழகினால் மீனைத் தேடி முதலையும் அங்கேயே பழகிவிடும், ஆளை அடிக்கிற தடி மூக்கு உப்புநீர் முதலை வெள்ளத்தில் இதுவரை ஏறி வந்துவிடுவதும் உண்டு, என்று நிதானமாக விளக்கினார். தேவி அதைத் தமிழில் சொன்னாள். "போடக்கூடாதாம்பா. ரூல்ஸாம்."

"சரிம்மா, சரிம்மா" என்று இவர் தலையை ஆட்டினார். முப்பத்து மூன்று வருடமாக அந்தத் தலையாட்டலை நான் அறிவேன். முதலையும் மூர்க்கனும் கொண்டது விடா என்று சும்மாவா சொன்னார்கள்.

முதல் இடுக்கின் கடைசியில் இறங்கி, பாறை மேல் 800 மீட்டர்போல நடந்து, இரண்டாவது இடுக்கில் வேறு படகு ஏற வேண்டும். வழியில் பாறையில் பழங்காலச் சிவப்பு ஓவியங்கள் இருக்கின்றன. முழங்கால் வலிக்காரர்கள் மெதுவாக நடக்கலாம், படகு காத்திருக்கும். ஒரு மேட்டில் தேவி இவருக்குக் கை கொடுத்தாள். இவர், "வேணாம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்" என்று பாறையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். எனக்கு இரண்டு பேரையும் அங்கேயே தண்ணீரில் தள்ளிவிடலாம் போல இருந்தது.

நாலாம் நாள் காலை 6.25க்கு எனக்கு விழிப்பு வந்தது. வெளியே அரை வெளிச்சம், நல்ல குளிர். பக்கத்தில் இவர் இல்லை. கழிப்பறைக்குப் போயிருப்பார் என்று படுத்தேன். பத்து நிமிடம் ஆனது. எழுந்து பார்த்தால் செருப்பு இல்லை, மேசை மேல் அந்த மலிவு ரொட்டி இல்லை. தேவியின் பிறந்த நாள். "தேவி, எழுந்திரு. உங்கப்பா ஆத்துக்குப் போயிட்டாரு" என்றேன். அவள் போர்வையோடு எழுந்து ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

படகு இறக்கும் சிமெண்டுச் சரிவின் அடியில் இவர் குந்தி உட்கார்ந்திருந்தார். கைலியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு. தண்ணீருக்கும் காலுக்கும் இரண்டு சாண் இருக்கும். ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளிப் போட, மீன்கள் வாயைத் திறந்து ஒன்றன் மேல் ஒன்று ஏறின. மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மீன்களுக்குப் பின்னால், இவரிடமிருந்து பதினைந்து அடி இருக்கும், இரண்டு கண்களும் அவற்றுக்குப் பின்னால் தள்ளி முதுகு மேடும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. அலையே இல்லாமல் கிட்டே வந்துகொண்டிருந்தது. இவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஒரு துண்டு ரொட்டியைக் கொஞ்சம் பலமாக அது இருந்த பக்கம் எறிந்தார்.

எனக்குக் குரல் வரவில்லை. தேவிக்கு வந்தது. "அப்பா!" என்று அவள் கத்தியதில் மரத்திலிருந்த வவ்வால்கள் மொத்தமாகக் கிளம்பின. சரிவில் ஓடிப்போய், இவர் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்து, எண்பது வயது நோயாளியைத் தூக்குகிற மாதிரி அல்ல, மூட்டையை இழுக்கிற மாதிரி இழுத்தாள். இரண்டு பேரும் சிமெண்டில் விழுந்தார்கள். ரொட்டி தண்ணீரில் போனது. அந்தக் கண்கள் மூழ்கின. மீன்கள் இருந்த இடத்தில் ஒரு பெரிய சுழி எழுந்தது, அதன் பிறகு ஒரு மீனும் இல்லை.

மேலே புல்தரைக்கு வந்ததும் அவள் ஆரம்பித்தாள். பர்மியில் தொடங்கினாள், அதை இங்கே எழுத முடியாது. பிறகு தமிழுக்கு வந்தாள்.

"உனக்கு மூளை கீளை கழண்டு போச்சாப்பா? போர்டு பாத்தியா இல்லியா? படம் போட்டுருக்கான், பல்லு போட்டுருக்கான், எழுத்து தெரியாதவனுக்கும் புரியுற மாதிரி போட்டுருக்கான்!"

"மீனுக்குத்தாம்மா போட்டேன்."

"பின்னாடி வந்தது மீனா?"

"அதுவும் பசியாத்தான வந்துச்சு. அதுக்கும் ஒரு துண்டு போட்டேன்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். முழங்கையில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. "உன்ன அது இழுத்துட்டுப் போயிருந்தா நா என்ன பண்ணுவேன்? அம்மாவுக்கு என்ன பதில் சொல்லுவேன்? ஒரு ரொட்டிக்காக உசுர விடுவியா?"

"இன்னிக்கு ஒனக்குப் பொறந்த நாளு" என்றார் இவர். "வருசா வருசம் கியாக்தான்ல போடுறதுதான். நீ இல்லாத இந்த அஞ்சு வருசமும் போட்டேன். இந்த வருசம் விட்டுப்போயிடக் கூடாதுன்னுதான்."

அவள் முன்னைவிடச் சத்தமாக, அழுதுகொண்டே, "மூஞ்சில முழிக்காதன்னு என்கிட்ட சொல்லுவ. என் பேரச் சொல்லி மீனுக்கு மட்டும் ரொட்டி போடுவியா? எனக்கு ஒரு போனு போட்டுச் சொல்ல வாய் இல்லியா ஒனக்கு?" என்றாள்.

இவர் தோளில் இருந்த துண்டை எடுத்து அவள் முழங்கையில் சுற்றினார். அவள் திட்டிக்கொண்டே கையைக் காட்டினாள். நான் அங்கேயே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஆள் உயிரோடு இருக்கிறார், இவள் திட்டுகிறாள், எனக்கு வேறு என்ன வேண்டும்? வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "நீ எதுக்கு இளிக்குற?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் மேல் பாய்ந்தார்கள்.

சத்தம் கேட்டு பூங்கா ஊழியர் ஒரு பெண் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பலகையைக் காட்டி ஐந்து நிமிடம் கண்டித்தார். அபராதம் போடவில்லை, எச்சரித்து விட்டார். மூக்கு ஒல்லியா தடிமனா என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன், நான் பார்த்தது கண்ணை மட்டும். பெரும்பாலும் நன்னீர் முதலையாக இருக்கும், அது தானாக மனிதரைத் தேடி வராது, ஆனால் எது வந்தது என்று தெரியாமல் தண்ணீர் ஓரத்தில் நிற்கவே கூடாது என்றார். அந்த இடத்தைக் கண்காணிக்கச் சொல்லித் தன் அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பினார். இவர் கைகட்டி நின்று மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். அந்த முறை ஆட்டிய தலை உண்மையான தலை.

தேவிக்குப் பிறந்த நாளுக்காகச் சேமியாப் பாயசம் வைத்தேன். அதையும் திட்டிக்கொண்டேதான் குடித்தாள். காலை 10.40க்குக் கிளம்பினோம். "முன்னாடி வந்து ஏறு. என் கண்ணு முன்னாலயே இரு" என்று அப்பாவை முன் இருக்கையில் ஏற்றினாள். நான் பின்னால்.

இனி உங்களுக்குப் பயன்படுகிற விஷயங்கள். இந்தப் பயணத்துக்கு ஜூன், ஜூலை நல்லது, காலையில் ஸ்வெட்டர் வேண்டும், பகலில் தொப்பி வேண்டும். ஐந்து நாளில் ஏறக்குறைய 750 கிலோமீட்டர், டீசலுக்கு 248 டாலர். ஊர்களுக்கு வெளியே போன் சிக்னல் கிடையாது, வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். முகத்தில் மொய்க்கும் ஈக்கு வலைத் தொப்பி 8 டாலர், வெட்கப்படாமல் வாங்குங்கள். படகுக்குக் காலை 9 மணியே நல்லது, பாறையில் வெயில் பக்கவாட்டில் விழும். கைலியோடு படகேறலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். யாங்கூனில் எத்தனை வருடம் வண்டி ஓட்டியிருந்தாலும் முதல் நாள் அங்கே ஓட்டாதீர்கள், உரிமம் உங்கள் கையைத் திருத்தாது. புண்ணியத்துக்கு மீனுக்குப் போடுகிற பழக்கம் உள்ளவர்கள் அதை ஊரிலேயே முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள். அங்கே தண்ணீரில் எதுவும் போடக்கூடாது, ஓரத்தில் குந்தக்கூடாது.

இன்னொன்றும் கேட்பீர்கள். திரும்பும் வழியில் நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே பிரிந்தால், வடக்கு தெற்காக வரிசையாக நிற்கிற தட்டையான கறையான் புற்றுகளைப் பார்க்கலாம், பலரும் அதற்காகவே போகிறார்கள். நாங்களும் போனோம். அதைப் பற்றி நான் எழுதக் கேட்டு ஏற்கெனவே இரண்டு பேர் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். என்ன எழுதுவேன்? காத்தரின் தாண்டியதும் தன்லின் மாப்பிள்ளை கதை ஆரம்பித்தது. அவனுக்கு என்ன குறை என்று இவர், அவனை நீயே கட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று அவள். பைன் கிரீக் வருவதற்குள் ஐந்து வருடத்துக் கணக்கும் மேலே வந்துவிட்டது. அங்கே எங்கேயோதான் இவர், "கோவத்துல சொன்னது பாப்பா. சொன்ன அன்னிக்கே திரும்ப எடுத்துக்கணும்னு தோணுச்சு. எப்டி எடுக்குறதுன்னு தெரியல" என்றார். "இப்ப எடுத்துட்டல்ல. அந்தத் தண்ணி பாட்டில எடு" என்றாள் அவள். அதுவரைதான் எனக்கு நினைவு இருக்கிறது.

புற்றுகளிடம் இருபது நிமிடம் நின்றோமாம். ஒரு படம் இருக்கிறது: நாலு மீட்டர் உயரப் புற்று, அதன் முன்னால் அப்பாவும் மகளும், இரண்டு பேர் கையும் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டுகிறது, இரண்டு பேர் வாயும் திறந்திருக்கிறது. எதைப் பற்றிச் சண்டை என்று எனக்குத் தெரியாது. நான் பின் இருக்கையில் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன்.